இங்கிலீஷ் ஓப்பனிங்: பத்து நகர்வு முடிந்தபின் என்ன ஆடுவது?

கேள்வி இதுதான்: "கொஞ்ச நாளாக வெள்ளையில் 1.சி4 ஆடுகிறேன். ஜி3, பிஷப் ஜி2, குதிரை சி3, டி3, கேஸ்லிங் வரை கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் நாளிலிருந்து 'மையத்தைப் பிடி' என்று சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஓப்பனிங்கில் மட்டும் ஏன் மையத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கிறோம்?"

மையத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டோம் என்ற நினைப்போடு ஆடுவதால்தான் பத்தாவது நகர்வில் உங்கள் கை நின்றுபோகிறது. நீங்கள் மனப்பாடமாக ஆடும் அந்த ஐந்தாறு நகர்வுகளில் பெரும்பாலானவை மையத்தில் ஒரே கட்டத்தைக் குறிவைக்கின்றன. அந்தக் கட்டம் டி5. இது மனதில் பதிந்துவிட்டால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

பலகையை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். சி4 சிப்பாய் டி5ஐப் பார்க்கிறது. சி3 குதிரை டி5ஐயும் இ4ஐயும் பார்க்கிறது. ஜி2 பிஷப் மூலையிலிருந்து மூலைக்குப் போகும் நீண்ட மூலைவிட்டத்தில் நிற்கிறது: இ4, டி5, சி6, பி7 என்று அதன் பார்வை ஓடும். ஆக, மையத்தில் ஒரு சிப்பாயைக்கூட நிறுத்தாமல் டி5இன் மேல் மூன்று காய்களின் பிடி விழுந்திருக்கிறது. டி2, இ2 சிப்பாய்கள் இன்னும் கிட்டத்தட்ட வீட்டிலேயே இருப்பதால், டி4 ஆடுவதா, இ4 ஆடுவதா, இரண்டும் வேண்டாமா என்ற முடிவைக் கறுப்பு தன் சிப்பாய்களை எங்கே நிறுத்துகிறது என்று பார்த்தபின் எடுக்கலாம். 1.இ4 ஆடும்போது இந்தச் சௌகரியம் கிடையாது. இ4 சிப்பாய் இடத்தைப் பிடிக்கும், அதே சமயம் அடிக்க ஓர் இலக்காகவும் ஆகும். கறுப்பின் நல்ல தடுப்பாட்டங்களில் பல அந்தச் சிப்பாயைச் சுற்றித்தான் கட்டப்பட்டவை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கறுப்பு டி5 ஆடி, நீங்கள் சி4 சிப்பாயால் அதை அடித்து, கறுப்பு ஒரு காயால் திருப்பி அடித்தால் என்ன மிஞ்சும்? ஓரத்துச் சிப்பாயைக் கொடுத்து மையச் சிப்பாயை வாங்கியிருக்கிறீர்கள். உங்களிடம் டி, இ என்று இரண்டு மையச் சிப்பாய்கள். கறுப்பிடம் இ மட்டும். சிசிலியனில் (1.இ4க்குக் கறுப்பு சி5 ஆடும் தடுப்பாட்டம்) கறுப்பு செய்யும் அதே வியாபாரத்தை வெள்ளை ஒரு நகர்வு முன்னதாகச் செய்கிறது.

இந்த எண்ணம் வேரூன்ற ரொம்ப காலம் ஆயிற்று. இங்கிலாந்தின் ஹோவர்ட் ஸ்டான்டன் 1843இல் பாரிஸில் செயின்ட் அமானோடு ஆடிய பந்தயத்தில் 1.சி4 ஆடினார், ஓப்பனிங்குக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அதன்பின் பல ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ரிச்சர்ட் ரெட்டி, நிம்சோவிச் போன்றவர்கள் வந்துதான், மையத்தைச் சிப்பாயால் நிரப்பாமல் தூரத்திலிருந்து காய்களால் அடக்கலாம் என்று ஆடியே காட்டினார்கள். 1924இல் நியூயார்க் போட்டியில், எட்டு ஆண்டுகளாக ஓர் ஆட்டம்கூடத் தோற்காத உலக சாம்பியன் கேப்பபிளாங்காவை ரெட்டி 1.குதிரை எஃப்3 என்று தொடங்கி வென்றார்.

ஆனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதே போட்டியில் ரெட்டி யேட்ஸோடு ஆடிய ஆட்டம். கறுப்புச் சிப்பாய்கள் டி5இலும் இ5இலும் பெருமையாக நிற்கின்றன. வெள்ளையின் டி சிப்பாய் டி3இல், இ சிப்பாய் இ2இல். பார்த்தால் கறுப்புதான் பலகையை ஆளுகிறது என்று தோன்றும். ரெட்டி யானையை சி1க்கும் பின் சி2க்கும் கொண்டுபோய், ராணியைக் கொண்டுவந்து ஏ1 மூலையில் வைக்கிறார். பி2 பிஷப்புக்குப் பின்னால் ராணி. இரண்டும் சேர்ந்து இ5ஐக் குடைகின்றன, எஃப்3 குதிரையும் அதையே பார்க்கிறது. மூலையில் ஒளிந்திருக்கும் ராணி மையத்தில் நிற்கும் சிப்பாயை அடிக்கிறது! அந்த ராணி எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் எதைப் பார்க்கிறது என்று பார்த்தால், பக்கவாட்டு ஓப்பனிங்குகள் அத்தனைக்கும் திறவுகோல் கிடைத்த மாதிரி. கறுப்பின் அழகான மையம் காவல் காக்க வேண்டிய சுமையாக மாறிவிட்டது.

சரி, இதே எண்ணம் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பேர்பெற்ற ஆட்டம் இருக்கிறது. 1970, பெல்கிரேட், சோவியத் அணிக்கும் உலக அணிக்குமான போட்டி. முதல் பலகையில் டென்மார்க்கின் பென்ட் லார்சன், எதிரே அப்போதைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கி. லார்சன் 1.பி3 ஆடினார். கறுப்பு இ5. பிஷப் பி2, குதிரை சி6, சி4, குதிரை எஃப்6, குதிரை எஃப்3. இப்போது கறுப்பு இ4 என்று தள்ளியது. வெள்ளைக் குதிரை டி4க்குப் போய், அங்கிருந்து சி6 குதிரையை அடித்தது. மூன்று முறை நகர்ந்த குதிரையைக் கொடுத்து ஒரே முறை நகர்ந்த குதிரையை வாங்கியதோடு, திருப்பி அடித்த கறுப்புக்கு டி வரிசையும் திறந்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், இ4இல் குத்தி நின்ற அந்தக் கறுப்புச் சிப்பாயை வெள்ளை கடைசிவரை டி3 ஆடிக் கேள்வி கேட்கவே இல்லை. அதன் நிழலில் வெள்ளையின் காய்கள் மூச்சுத்திணறின. 14ஆவது நகர்வில் ஸ்பாஸ்கி யானையை எச்1இல் பலிகொடுத்தார். ஜி சிப்பாய் ராணியாகப் பாய்ந்தது. 17 நகர்வில் ஆட்டம் முடிந்தது.

இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிராளியை மையத்துக்கு வரவிடலாம். வந்த சிப்பாயை உடனே தொந்தரவு செய்யவும் வேண்டும். வரவிட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் அது வெறும் தாமதம்தான்.

இப்போது உங்கள் நேர்க்கேள்வி, பத்தாவது நகர்வில் என்ன செய்வது. இதற்குப் பொதுவான விடை கிடையாது, கறுப்பின் சிப்பாய்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது 1...இ5 (அதாவது கறுப்பின் முதல் நகர்வு இ5), ஆகையால் அதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

1.சி4 இ5 2.குதிரை சி3 குதிரை சி6 3.ஜி3 ஜி6 4.பிஷப் ஜி2 பிஷப் ஜி7 5.டி3 டி6. நம் ஊர் ஞாயிற்றுக்கிழமை போட்டிகளில் இந்த நிலை அடிக்கடி வரும். கறுப்பின் இ5 சிப்பாய் டி4ஐயும் எஃப்4ஐயும் காக்கிறது. டி6 சிப்பாய் இ5ஐயும் சி5ஐயும் காக்கிறது. டி5ஐக் காக்கக் கறுப்புக்கு எந்தச் சிப்பாயும் இல்லை. சி7 சிப்பாய் சி6க்கு வந்தால் காக்கலாம், ஆனால் அந்த இடத்தில் குதிரை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே டி5 உங்களுடையது. அடுத்த மையக் கட்டமான டி4க்குக் கறுப்புப் பக்கம் நிற்கும் முக்கியக் காவலாளி சி6 குதிரை. அதைத் துரத்த உங்களிடம் இருப்பது பி சிப்பாய். யானை பி1, பிறகு பி4, பிறகு பி5. இந்தத் திட்டத்தைப் பலர் 'ராணிப்பக்கத் தாக்குதல்' என்று மனப்பாடம் செய்துகொண்டு எதற்கென்று தெரியாமல் ஆடுகிறார்கள். பி5 வந்து குதிரை விலகியதும் ஜி2 பிஷப்பின் வழி பி7 வரை திறக்கிறது, டி4ஐக் காக்கக் கறுப்புக்கு ஒரு காய் குறைகிறது. ராணிப்பக்கம் போவது மையத்துக்காகத்தான்.

ஏன் நேராக பி4 ஆடாமல் முதலில் யானையை பி1க்கு நகர்த்துகிறோம்? பி4க்கு ஆதரவு வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கறுப்பின் ஜி7 பிஷப் ஏ1 மூலையைப் பார்க்கிறது. இப்போதைக்கு இ5 சிப்பாய் அதன் வழியை மறைத்திருக்கிறது, ஆனால் கறுப்பு எப்போதாவது இ4 தள்ளினால் அந்த வழி திறந்துகொள்ளும். யானை முன்கூட்டியே அந்தக் கோட்டிலிருந்து விலகிவிட்டால் திடீர் அடிகள் குறையும். கறுப்பு ஏ5 ஆடி பி4ஐத் தடுத்தால் ஏ3 ஆடிவிட்டுத் தள்ளுங்கள். சிப்பாய்கள் அடித்துக்கொண்டு ஏ வரிசை திறக்கும். அதனால் உங்கள் திட்டம் நின்றுவிடாது.

இதற்குள் கறுப்பு சும்மா இருக்காது. எஃப்5, எச்6, ஜி5, எஃப்4 என்று உங்கள் ராஜா பக்கம் சிப்பாய்களை ஓட்டும். இது நேர்ப் பந்தயம், பயமாகத்தான் இருக்கும். உங்கள் ராஜாவைக் காப்பாற்றுவது ஜி2 பிஷப். அதனாலேயே கறுப்பு அதை ஒழிக்கப் பார்க்கும்: பிஷப் இ6, ராணி டி7, அப்புறம் பிஷப் எச்3. இந்த மூன்றையும் பார்த்தவுடன் மணி அடிக்க வேண்டும். எஃப்1 யானையை முன்பே இ1க்கு நகர்த்தி வைத்திருந்தால், பிஷப் எச்3 வந்ததும் உங்கள் பிஷப்பை எச்1க்குப் பின்வாங்கிக் காப்பாற்றிவிடலாம். கேஸ்லிங் செய்த பிறகு அந்தப் பிஷப்பை லேசாகக் கொடுத்துவிடும் பழக்கம் ஆரம்ப நிலையில் நிறையப் பேரிடம் இருக்கிறது. இந்த ஓப்பனிங்கில் உங்கள் மிகச் சிறந்த காய் பெரும்பாலும் அதுதான். ராணிக்கு ராணி மாற்றிக்கொள்ளுங்கள், பரவாயில்லை, அந்தப் பிஷப்பை மாற்றும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

ஒரு சின்னக் குறுக்குப்பேச்சு. 1...இ5 வந்தால் இது தலைகீழ் சிசிலியன், நமக்கு ஒரு டெம்போ, அதாவது ஒரு நகர்வு, கூடுதல், ஆகவே சாதகம் என்று சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் சிசிலியனில் கறுப்பு எதிர்த்தாக்குதல் செய்வது வெள்ளை முதலில் பாய்வதால். இங்கே கறுப்புக்குப் பாய வேண்டிய கட்டாயம் இல்லை. அடக்கமாக நின்று, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப நிற்கலாம். அதனால் அந்த ஒரு டெம்போவை நம்பிக் கோட்டை கட்டாதீர்கள்.

கறுப்பு 3...டி5 என்று சீக்கிரம் திறந்தால், அதாவது 1.சி4 இ5 2.குதிரை சி3 குதிரை எஃப்6 3.ஜி3 டி5 4.அடித்தல், குதிரையால் திருப்பி அடித்தல் 5.பிஷப் ஜி2 என்று போனால், கறுப்புக் குதிரை பெரும்பாலும் பி6க்குப் பின்வாங்கும். அப்போது சி வரிசை பாதி திறந்திருக்கும். உங்கள் காய்கள் சி வரிசையையும் சி5 கட்டத்தையும் நோக்கிப் போக வேண்டும்; பி4 இங்கேயும் பயன்படும். பார்க்கப்போனால் இது டிராகன் சிசிலியனை (சிசிலியனில் கறுப்பு ஜி7இல் பிஷப்பை வைக்கும் வகை) கண்ணாடியில் பார்ப்பதுதான். டிராகன் ஆடத் தெரிந்தவர்களுக்கு வீடு மாதிரி இருக்கும்.

1...சி5 வந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கும், யார் முதலில் சமநிலையை உடைப்பது என்பதுதான் சண்டை. உடைக்கும் வழி இரண்டு: டி4, அல்லது ஏ3 ஆடி யானையை பி1க்குக் கொண்டுவந்து பி4. எதிராளி டி4ஐத் தடுக்கும்படி காய்களை வைத்திருந்தால் பி4, பி4ஐத் தடுத்திருந்தால் டி4. இதற்கு மேல் இங்கே விளக்கம் தேவைப்படாது.

முன்னாள் உலக சாம்பியன் பாட்வின்னிக் பெயரில் வழங்கும் அமைப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முதல் பார்வைக்குத் தப்பாகவே தெரியும். சி4, குதிரை சி3, ஜி3, பிஷப் ஜி2, இ4, டி3, குதிரை ஜி1இலிருந்து இ2. இ4 ஆடியதும் ஜி2 பிஷப்பின் வழியை நாமே அடைத்துவிட்டோம்; டி4 கட்டத்தை இனி எந்தச் சிப்பாயாலும் காக்க முடியாது. பிறகு எதற்கு? சி4உம் இ4உம் சேர்ந்து டி5ஐ இரும்புப் பிடியாகப் பிடிக்கின்றன, கறுப்பால் டி5 தள்ளி எளிதில் விடுபட முடியாது. கறுப்பு ஏற்கெனவே இ5 ஆடி ஜி7இல் பிஷப்பை வைத்திருந்தால் அந்தப் பிஷப்பும் அடைபட்டே கிடக்கும், அடைபட்டது உங்களுடையது மட்டுமல்ல. டி4 ஓட்டையைக் குதிரை இ2இலிருந்தும் பிஷப் இ3இலிருந்தும் கவனித்துக்கொள்ளும். கறுப்புக் குதிரை அங்கே வந்தால் மாற்றிக்கொள்ளலாம். குதிரையை எஃப்3இல் வைக்காமல் இ2இல் வைப்பதற்குக் காரணம் எஃப் சிப்பாய். எஃப்4 தள்ளுவதுதான் இந்த அமைப்பின் பெரிய மிரட்டல். யானை பி1, பி4 திட்டமும் கூடவே இருக்கிறது. ஓட்டையே இல்லாத நிலை என்று சதுரங்கத்தில் கிடையாது. எந்த ஓட்டையை எதிராளியால் பயன்படுத்த முடியாது என்று பார்த்து அதை ஏற்றுக்கொள்ளும் துணிச்சலை இந்த அமைப்பில் கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் இருப்பது கறுப்பு இ6, டி5 ஆடும் வகை. இதற்கு எடுத்துக்காட்டு தேட 1924க்குப் போகத் தேவையில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னைப் பிள்ளை குகேஷ் டிங் லிரெனோடு ஆடிய உலக சாம்பியன் பந்தயத்தில், முடிவைத் தீர்மானித்த கடைசி நான்கு ஆட்டங்களில் மூன்று இந்த மாதிரிப் பக்கவாட்டு ஓப்பனிங்குகள்தான். அந்த ஆட்டங்களைப் பரபரப்புக்காகப் பார்த்தவர்கள் ஏராளம். ஓப்பனிங் கற்றுக்கொள்ள இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

11ஆவது ஆட்டம், குகேஷ் வெள்ளை. 1.குதிரை எஃப்3 டி5 2.சி4 டி4 3.பி4. கறுப்புச் சிப்பாய் டி4 வரை வந்து குத்தி நிற்கிறது, லார்சனுக்கு எதிராக இ4 நின்ற மாதிரி. வெள்ளை அதை ஒரு கணம்கூடச் சும்மா விடவில்லை. கறுப்பு சி5 ஆடி அதைத் தாங்கியதும் வெள்ளை இ3. டி4 சிப்பாயை இ3 இடிக்கிறது, அதைத் தாங்கும் சி5 சிப்பாயை பி4 இடிக்கிறது. பின்னர் அந்த பி சிப்பாய் பி5, பி6 என்று போய்க் கடைசியில் பலியானது. கறுப்பு ராணி அதைச் சாப்பிட்டதும் பி வரிசை வெள்ளை யானைகளுக்குத் திறந்துவிட்டது. ஜி2இல் பிஷப், அதற்கு முன்னால் இ4இல் ராணி, இரண்டும் அதே நீண்ட மூலைவிட்டத்தில் சி6 குதிரையைப் பார்த்தபடி. பி வரிசையில் இரண்டு யானை. நேரம் குறைந்த நிலையில் டிங் ராணியை சி8க்கு நகர்த்த, 29ஆவது நகர்வில் குகேஷ் ராணியால் அந்த சி6 குதிரையை அடித்தார். பி7 சிப்பாய் ராணியைத் திருப்பி அடித்தால் பி வரிசை முழுக்கத் திறந்து பி8 யானை போகும், தொடர்ந்து கறுப்பு ராணியும் போகும். டிங் அங்கேயே ஆட்டத்தை விட்டார். தவறு ஒரு நொடியில் நடந்தது உண்மை. ஆனால் அந்த அடி விழ வேண்டிய கட்டத்தை வெள்ளையின் காய்கள் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் 12ஆவது ஆட்டத்தில் டிங் பதில் சொன்னது இங்கிலீஷ் ஓப்பனிங்கால். என்னைக் கேட்டால், அந்தப் பந்தயத்தில் ஓப்பனிங்கின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நூலில் கோத்த மாதிரி ஓடிய ஆட்டம் அதுதான். 1.சி4 இ6 2.ஜி3 டி5 3.பிஷப் ஜி2 குதிரை எஃப்6 4.குதிரை எஃப்3 டி4. மறுபடியும் கறுப்புச் சிப்பாய் டி4இல்; மறுபடியும் இ3 ஆடி அதைக் கேட்டாயிற்று. கறுப்பு இ3இல் அடித்து, பிறகு இ5 ஆடியது. அதன்பின் வெள்ளை ஏ3, எச்3 என்று அவசரமே இல்லாமல் சின்னச் சின்ன நகர்வுகள். எதிராளிக்கு ஒரு பிடிமானமும் கொடுக்காமல், தன் காய்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சரியான கட்டத்துக்குக் கொண்டுவந்தார் டிங். எல்லாம் தயாரானபின், 18ஆவது நகர்வில்தான் டி4! கறுப்பு இ4 என்று தாண்டிப் போக, வெள்ளைக் குதிரை எஃப்3இலிருந்து ஜி1க்குப் பின்வாங்கி, இ2 வழியாக எஃப்4க்கு வந்தது. பின்வாங்குகிற மாதிரி தெரிந்தாலும் நல்ல கட்டத்துக்குப் போகிற பாதை அது. டி சிப்பாய் டி5, டி6 என்று நடந்தது. முன்னே போய்த் தனித்து நின்ற இ4 சிப்பாய் கடைசியில் ஜி2 பிஷப்புக்கே இரையானது. 39 நகர்வில் வெற்றி, 6-6.

உங்கள் கேள்விக்கு நேரான விடை இந்த ஆட்டத்தில் இருக்கிறது: இங்கிலீஷில் டி4 ஆடாமல் இருப்பது கொள்கை கிடையாது, அது தள்ளிவைப்பு மட்டுமே. டி3 வரை வந்து அங்கேயே குடியிருந்துவிடுவதுதான் பலருடைய நோய். ஒவ்வொரு நகர்விலும் "இப்போது டி4 ஆடினால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். கறுப்பால் அதை வசதியாக அடிக்க முடியாது, தாண்டிப் போனால் அந்தச் சிப்பாய் தனியாக மாட்டும் என்று பட்டால், அதுதான் நேரம்.

பந்தயத்தின் 14ஆவது ஆட்டத்தையும் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. டிங் வெள்ளையில் 1.குதிரை எஃப்3 டி5 2.ஜி3 என்று அதே பாணியில் தொடங்கினார். குகேஷ் கறுப்பில் சி5, குதிரை சி6 என்று மையத்தில் தாராளமாக இடம் எடுத்து, சமமான முடிவாட்டத்தையும் விடாமல் இழுத்து, டிங்கின் தவறைப் பிடித்து வென்றார். 18 வயதில் உலக சாம்பியன். பக்கவாட்டு ஓப்பனிங் ஆடினால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் இந்த ஆட்டத்தைக் காட்டுங்கள்.

பொறுமை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இன்னொரு ஆட்டம்: 1987, செவில், காஸ்பரோவுக்கும் கார்ப்போவுக்கும் 24ஆவது, கடைசி ஆட்டம். முந்தைய ஆட்டத்தைத் தோற்று 11-12 என்று பின்தங்கியிருந்த காஸ்பரோவ் வென்றே ஆக வேண்டும். பட்டத்தைக் காக்கப் போராடும் ஆள், தாக்குதலுக்குப் பேர்போன ஆள், என்ன ஆடியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? 1.சி4. பிறகு குதிரை எஃப்3, ஜி3, பி3, இரண்டு பிஷப்புகளும் ஃபியான்கெட்டோ (ஜி2, பி2 கட்டங்களில்), இ3. ஒன்பது நகர்வு முடிந்தபோதும் டி சிப்பாய் டி2இலேயே. காய்களைச் சீக்கிரம் மாற்றிக்கொண்டால் டிராவில் போய் நிற்கும் என்பதால் எல்லாக் காய்களையும் பலகையில் வைத்துக்கொண்டு, கார்ப்போவை ஒவ்வொரு நகர்விலும் யோசிக்கவைத்தார். கார்ப்போவுக்கு நேர நெருக்கடி வந்தது. நிறுத்திவைத்து மறுநாள் தொடர்ந்த ஆட்டத்தை காஸ்பரோவ் வென்று 12-12 ஆக்கிப் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

நகர்வு வரிசை பற்றி ஒரு வார்த்தை, அதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 1.சி4 என்பதற்காக ஆட்டம் இங்கிலீஷாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2013இல் சென்னையில் நடந்த உலக சாம்பியன் பந்தயத்தில் கார்ல்சன் ஆனந்தை முதலில் வென்ற ஐந்தாவது ஆட்டம் 1.சி4 இ6 2.டி4 டி5 என்று போய் இரண்டே நகர்வில் ராணிச் சிப்பாய் ஆட்டமாகிவிட்டது. 1972இல் ரெய்க்யவிக்கில் ஃபிஷர் ஸ்பாஸ்கியை வென்ற ஆறாவது ஆட்டமும் அப்படியே. எதிராளி விரும்பாத நிலைக்கு வேறு வாசல் வழியாக அவரை அழைத்துப்போவது 1.சி4இன் பெரிய பயன். அந்தப் பயன் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அந்த டி4 நிலைகளும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கறுப்பு 1...இ5 ஆடுவது பிடிக்கவே இல்லையென்றால் 1.குதிரை எஃப்3 என்று தொடங்கிவிட்டு சி4ஐ அடுத்து ஆடுங்கள். இ5ஐக் குதிரை தடுத்துவிடும்.

பயிற்சிக்கு நான் சொல்வது இது. இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓப்பனிங் நகர்வுகளை நீட்டி மனப்பாடம் செய்வதை நிறுத்துங்கள். நீங்கள் ஆடிய ஆட்டங்களையே எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்தாவது நகர்வில் நிறுத்துங்கள். காய்களை எல்லாம் எடுத்துவிட்டு இரு பக்கத்துச் சிப்பாய்களை மட்டும் பலகையில் விடுங்கள். கறுப்புச் சிப்பாய்கள் காக்காத மையக் கட்டம் எது, உங்கள் எந்தச் சிப்பாய் எங்கே தள்ளப்பட்டால் ஒரு வரிசை திறக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன்பின் காய்களைத் திரும்ப வைத்து, அன்றைக்கு நீங்கள் ஆடியது அதற்கு உதவியதா என்று பாருங்கள். எஞ்சினை (சதுரங்கம் ஆடும் கணினி நிரலை) கடைசியில் திறங்கள். முதலிலேயே திறந்தால் அது ஒரு நல்ல நகர்வைச் சொல்லிவிடும், ஏன் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு நான் 1.இ4தான் சொல்வேன். அடி வாங்கி, அடி கொடுத்து, திறந்த வரிசைகளில் காய்கள் எப்படிப் பாய்கின்றன என்று கையில் ஏறட்டும். ஜி3, பிஷப் ஜி2 என்று எதிராளி என்ன ஆடினாலும் அதையே ஆடும் பழக்கம் சின்ன வயதில் ஒட்டிக்கொண்டால், அது எதிராளியின் நகர்வைப் பார்க்காத பழக்கமாகிவிடும். உங்களைப் போல மையம் என்றால் என்ன என்று ஏற்கெனவே தெரிந்து, அதனாலேயே இந்தக் கேள்வி வந்தவர்களுக்கு 1.சி4 தாராளமாக ஏற்றது. அடுத்த போட்டியில் கறுப்பு இ5, டி6, ஜி6 என்று நின்றால் யானையை பி1க்கு நகர்த்துங்கள். பிஷப் இ6, ராணி டி7 வருகிறதா என்று மட்டும் கண் வையுங்கள்.